பதினேழாம் மூச்சுக்குப் பிறகு

1999 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். ஒரு தம்ளர் காபி குடித்துவிட்டு 5.30-க்குச் சைக்கிளை எடுத்தேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவிலிருந்து அணைக்கட்டுக்குப் பதினான்கு நிமிடம். ஆற்றில் நான்கு முங்கு போட்டு, துவட்டி, சரியாக ஆறு மணிக்கு கேஜ் பார்த்தேன். கேஜ் என்பது அணைச் சுவரில் பதித்திருக்கும் எண் பலகை. தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்துத்தான் கால்வாய் மதகை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அன்று 1.42 மீட்டர். பதிவேட்டில் எழுதினேன். என் சொந்த நோட்டிலும் எழுதினேன். பாசனப் பிரிவில் அளவு எடுப்பவனாக இருபத்தாறு வருடங்களாக என் காலை இப்படித்தான் விடிகிறது.

அன்றைய பக்கத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: "இருமல், 36-ஆம் நாள். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மூன்றாவது பாட்டிலும் தீர்ந்தது. செண்பகம் விடுவதாக இல்லை. இன்று டாக்டர்."

செண்பகம் என் மனைவி. அவள் விடாமல் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பெரிய உறையில் நெஞ்சுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று தெரியாமல் ஏதாவதொரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், குண்டுமணி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. "பயப்படாண்டாம். ஜங்ஷன்ல ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்" என்றார். பயப்பட வேண்டாம் என்று அவர் சொல்லும்வரை எனக்குப் பயம் இல்லை.

வியாழக்கிழமை, 12-ஆம் தேதி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஸ்கேன் மையத்தில் படுத்தேன். ஸ்கேன் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். எக்ஸ்ரே ஒரு பக்கத்திலிருந்து எடுக்கும் நிழல். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் நம்மைச் சுற்றி வந்து, உடம்பை அப்பளக்கட்டு மாதிரி வில்லை வில்லையாகக் காட்டும். அந்த மையத்தில் இருந்தது பழைய கருவி. ஒரு மூச்சுக்கு ஒரு வில்லை. ஒவ்வொரு வில்லையும் ஒரு சென்டிமீட்டர் கனம். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று டெக்னீஷியன் சொல்வார். கட்டில் ஒரு சென்டிமீட்டர் நகரும். மறுபடி "இழுங்க". மேலிருந்து கீழாக மொத்தம் முப்பத்தொரு மூச்சு. நான் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தேன்.

பதினேழாவது முடிந்ததும் நிறுத்தினார்கள். குழாய் சூடாகிவிட்டதாம், ஆற வேண்டுமாம். ஆறு நிமிடம். பிறகு டெக்னீஷியன் உள்ளே வந்து, "அண்ணாச்சி, மூச்சு பத்தல. ஆத்துல முங்குறதுக்கு முன்னால இழுப்பீகள்லா? அப்படி இழுத்துப் பிடிங்க" என்றார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. பதினெட்டிலிருந்து முப்பத்தொன்று வரை முங்குகிற மூச்சாகவே இழுத்தேன். வெளியே வந்ததும் வழக்கம்போல நோட்டில் எழுதினேன்.

மறுநாள் வந்த அறிக்கையில் பொட்டு இரண்டாகியிருந்தது. 17-ஆம் படத்தில் ஒன்று, 19-ஆம் படத்தில் ஒன்று.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சு அறுவை மருத்துவர் நிதானமானவர். எதையும் மறைக்காமல் பேசினார். "ஒண்ணு மட்டும்னா, அது என்னவா இருந்தாலும் வெட்டி எடுத்துரலாம். ரெண்டுன்னா வேற எங்கயோ தொடங்கி இங்க வந்து விழுந்திருக்கான்னு பாக்கணும். அப்படி இருந்தா கத்தி வைக்கிறதுல பிரயோசனம் இல்ல." எங்கேயோ தொடங்கியதைத் தேட வேண்டும் என்பதற்காக 16-ஆம் தேதி, திங்கட்கிழமை, படுக்கையில் சேர்த்தார்கள்.

ஒன்றா, இரண்டா? அடுத்த நான்கு நாளும் எனக்கு வேறு கேள்வி இல்லை.

இரண்டு பேர் படுக்கும் அறை. பக்கத்துக் கட்டிலில் உடன்குடி கருப்பட்டி வியாபாரி தங்கப்பழம் அண்ணாச்சி. லாரியில் சிப்பம் ஏற்றும்போது விழுந்து விலா எலும்பு இரண்டை முறித்துக்கொண்டவர். சிரித்தால் வலிக்கும், ஆனால் சிரிக்காமல் அவரால் இருக்க முடியாது. "ஏன் வே, வந்ததுலேருந்து எழுதிக்கிட்டே இருக்கீரு? உயிலா?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். சொல்லிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையில் அன்று நான் எழுதியது கிட்டத்தட்ட அதுதான். பீரோ சாவி எங்கே, காப்பீட்டுப் பத்திரம் எந்த உறையில், ஓய்வூதியப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும், வீட்டுத் தீர்வை ரசீது எங்கே என்று நான்கு வரி எழுதி செண்பகத்திடம் கொடுத்தேன். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாலையில் அந்தத் தாள் மடித்து என் தலையணைக்கு அடியில் இருந்தது. நான்காவது வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஐந்தாவது வரி: "இது எல்லாத்தையும் நீங்களே வந்து எடுத்துத் தாங்க."

கேஜ் யார் பார்ப்பது என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. அலுவலகத்தில் மாற்று ஆள் இல்லை. செண்பகத்தின் தம்பி சங்கரன், அப்பளக் கடை வைத்திருப்பவன், தானே முன்வந்தான். அவன் காலை ஆறு மணியைத் தன் ஆயுளில் இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம். "அத்தான், ஒரு நம்பரப் பாத்துச் சொல்லணும், அவ்ளோதான? அப்பளத்துக்கு மாவு பிசையறதவிட லேசு" என்றான். என் மேலதிகாரியும் சரி என்றார். தினமும் ஏழு மணிக்கு மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு அவன் தொலைபேசியில் பேசுவான். அவர்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேலே அனுப்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை சீட்டில் 1.38 என்று மட்டும் இருந்தது. நர்ஸ் அதை என் காய்ச்சல் அட்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்திவிட்டார். பணியிலிருந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "கிரியேட்டினின் 1.38-ஆ? இது யார் எழுதின டெஸ்ட்? கிட்னிய வேற பாக்கணும் போலிருக்கே!" கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு. நான் எழுந்து உட்கார்ந்து, "அது என் ரத்தம் இல்ல டாக்டர், தாமிரபரணி" என்றேன். தங்கப்பழம் அண்ணாச்சி தலையணையை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு சிரித்ததில் நர்ஸ் அவருக்கு ஊசி போட வேண்டியதாயிற்று.

அந்த இரண்டு நாளில் ரத்தம் ஐந்து குழாய் எடுத்தார்கள். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று மூன்று காலைச் சளி கேட்டார்கள். வயிற்றை ஒலி அலையால் பார்த்தார்கள். ஜெல் தடவும்போது ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. எங்கேயும் ஒன்றும் தொடங்கியதாகத் தெரியவில்லை. இது நல்ல செய்திதான். ஆனால் ஒவ்வொரு சோதனை அறையின் வாசலிலும் என் பெயரைக் கூப்பிடும் வரை நான் கதவின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். ஒரு கதவில் இருபத்திரண்டு, இன்னொன்றில் பதினெட்டு.

18-ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே கால். டாக்டர் எஸ்தர் வந்தார். ஸ்கேன் பிரிவு மருத்துவர், முப்பத்தைந்து வயதிருக்கும், வேகமான நடை. கையில் என் பழைய படங்களும் நான்கு பக்கத் தாள் ஒன்றும்.

"சார், கீழ புதுசா ஒரு ஸ்கேனர் வந்திருக்கு. பழசுல எக்ஸ்ரேய உணர்ற கண்ணு ஒரே வரிசை. ஒரு சுத்துக்கு ஒரு படம். இதுல நாலு வரிசை. ஒரு சுத்துக்கு நாலு படம், அதுவும் ஒரு விநாடிகூட ஆகாது. கட்டிலும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். நுரையீரல் முழுசையும் ஒன்னேகால் மில்லிமீட்டர் கனத்துல ஒரே மூச்சுல எடுத்துரலாம். பழைய கருவி காட்டுன பொட்டையும் இது காட்டுற பொட்டையும் ஒப்பிட்டு ஒரு ஆராய்ச்சி பண்ணுதோம். நீங்க சேர இஷ்டமா? கட்டணம் கிடையாது. என்ன தெரியுதோ அத உங்க டாக்டருக்கு அன்னைக்கே சொல்லிருவோம்."

நான் நான்கு பக்கத்தையும் படித்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். "இத முழுசாப் படிச்ச முத ஆளு நீங்கதான்" என்றார். மூன்றாம் பக்கத்தில் கதிர்வீச்சு பற்றி இருந்தது; கேட்டேன். மழுப்பாமல் பதில் சொன்னார்: எக்ஸ்ரேயைவிட நிறைய, பழைய ஸ்கேன் அளவு, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். "அதனால ஒரே தடவைதான் எடுப்போம். நடுவுல இருமுனா படம் கெட்டுரும். ஆராய்ச்சிக்காக இன்னொரு தடவை எடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது."

எத்தனை விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். இருபத்துநான்கு. எனக்கு அப்போது பத்து விநாடிக்கு ஒரு இருமல்.

அவர் பழைய படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி 17-ஐயும் 19-ஐயும் காட்டினார். அதுவரை என்னிடம் யாரும் அவற்றைக் காட்டவில்லை. இரண்டு பொட்டும் ஒரே அளவு. இரண்டின் இடது ஓரத்திலும் ஒரு சிறிய மூக்கு. பக்கத்தில் ஓடிய ரத்தக்குழாயும் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி வளைந்திருந்தது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ஆற்றில்.

"டாக்டர், ஒரு பாறைய ரெண்டு தடவ எண்ணிட்டா?" என்றேன்.

"என்ன சொல்லுதீங்க சார்?"

சொன்னேன். ஆற்றின் குறுக்கே ஆழம் எடுப்பதற்குக் கரைக்குக் கரை கயிறு கட்டுவோம். கயிற்றில் மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு. பரிசலில் போய் ஒவ்வொரு முடிச்சிலும் கம்பை இறக்கி ஆழம் குறிப்போம். 1987-இல் ஒரு நாள் பதினான்காவது முடிச்சில் கம்பு பாறையில் முட்டியது. அதற்குப் பிறகு கரையில் கயிறு தளர்ந்துவிட்டது. இழுத்துத் திரும்பக் கட்டினார்கள். பதினாறாவது முடிச்சில் மறுபடி பாறை. இரண்டு பாறை என்று புத்தகத்தில் எழுதினேன். அடுத்த கோடையில் ஆறு வற்றியபோது போய்ப் பார்த்தேன். அங்கே ஒரே ஒரு பாறைதான் கிடந்தது. முடிச்சுகள்தான் நகர்ந்திருக்கின்றன.

டாக்டர் எஸ்தர் கையிலிருந்த பேனாவை மூடினார். "கயிறு தளர்ற மாதிரி... உங்க மூச்சு நடுவுல மாறிச்சா? ஆழமா இழுத்தா நுரையீரலோட அடிப்பாகம் கீழ இறங்கும், பொட்டும் கூடவே இறங்கும். ஆனா எங்கன மாறிச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் நோட்டை எடுத்து 12-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "17 மூச்சு முடிந்து 6 நிமிடம் நிறுத்தம். பிறகு டெக்னீஷியன் சொன்னபடி முங்குகிற மூச்சு. 18 முதல் 31 வரை."

அவர் இரண்டு முறை படித்தார். அடுத்த கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மூச்சுக்கும் கணக்கு வச்சிருக்கீரா வே! எமன் வந்தாலும் இவருகிட்டக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. கண் மட்டும் பளபளத்தது. "இது ஊகந்தான் சார். ஊகத்த வச்சு யாரும் முடிவெடுக்க மாட்டாங்க. படம் சொல்லணும். நாளைக்கு நீங்க இருமாம இருந்தா, அது சொல்லிரும்."

அன்று முழுவதும் பயிற்சி. தங்கப்பழம் அண்ணாச்சி தன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். முதல் தடவை ஒன்பதில் இருமினேன். இரண்டாவது தடவை பதினொன்று. "கருப்பட்டி சிப்பத்த முதுகுல ஏத்தி இறக்குற வரைக்கும் எங்க ஆளுக மூச்சு விடமாட்டானுவ. நீரு என்ன வே, படுத்துக்கிட்டே பிடிக்க மாட்டேங்கீரு" என்றார். பிறகு செண்பகத்தைக் கூப்பிட்டு, தன் பையிலிருந்து ஒரு முழுக் கருப்பட்டியை எடுத்துக் கொடுத்தார். "இது கடைச் சரக்கு இல்லம்மா, வீட்டுக்குன்னு எடுத்து வச்சது. சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வச்சுக் குடு. பைய பையத் தொண்டையில எறங்கணும்." செண்பகம் மருத்துவமனைச் சமையலறைக்காரியைச் சிநேகம் பிடித்து மூன்று வேளை போட்டுக் கொடுத்தாள். இருமல் மருந்தையும் டாக்டர் மாற்றியிருந்தார். எது கேட்டது என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மாலை ஆறு மணிக்குப் பத்தொன்பது விநாடி. எட்டு மணிக்கு இருபத்துமூன்று. இருபத்துநான்கு வரவில்லை.

19-ஆம் தேதி, வியாழக்கிழமை. சீட்டில் 1.35. காலை எட்டு மணிக்குக் கீழே போனோம். டாக்டர் எஸ்தர் என்னை நேரே கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கணினி இருக்கும் அறைக்குக் கூட்டிப் போனார். "தண்ணிக்காரர்ல்லா நீங்க. இதப் பாக்கணும்" என்றார்.

கட்டிலில் ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய ஓர் உருளை வைத்திருந்தார்கள். பானையின் வாய் அகலம் இருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் படம் அதைத்தான் எடுப்பார்களாம். ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அந்த இடம் எவ்வளவு அடர்த்தி என்பதை அது சொல்லும். தண்ணீர்தான் பூஜ்யம். காற்று கீழே ஆயிரம். சதை தண்ணீருக்குச் சற்று மேலே. எலும்பு அதற்கும் மேலே, பல நூறு. திரையில் சாம்பல் வட்டம் ஒன்று வந்தது. டெக்னீஷியன் அதன் நடுவில் அம்புக்குறியை வைத்தார். 0.3 என்று காட்டியது. "சரியா இருக்கு" என்று ஒரு பதிவேட்டில் எழுதினார்.

இருபத்தாறு வருடங்களாக நான் செய்கிற வேலை! காலையில் முதலில் தண்ணீரைப் பார்த்து, எண்ணை எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றது. பயத்தை நான் மறந்தது அந்த இடத்தில்தான். எத்தனை கேள்வி கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. உருளையில் என்ன தண்ணீர், வெயில் காலத்தில் எண் மாறுமா, மாறினால் என்ன செய்வீர்கள்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். புதுப் படத்தைப் பார்த்துப் பொட்டை எண்ணும் இரண்டு மருத்துவர்களுக்கும் என் பெயர் தெரியாது, பழைய அறிக்கையும் தெரியாது. ஒருவர் எண்ணியது மற்றவருக்கும் தெரியாது. ஆராய்ச்சியில் நான் இருபத்துமூன்றாம் எண். எங்கள் துறையில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னைப் படுக்க வைத்தார்கள். "முங்குற மூச்சு வேண்டாம் சார்" என்று டாக்டர் எஸ்தர் ஒலிபெருக்கியில் சொன்னார். "வசதியா இழுங்க. முக்கியம் அளவு இல்ல, நடுவுல மாறக்கூடாது."

இழுத்தேன். பிடித்தேன். தலைக்கு மேல் வளையத்துக்குள் ஏதோ சுழலும் சத்தம், நெல் அரவை மில்லின் பட்டை ஓடுவது போல. கட்டில் தானாக வழுக்கிப் போயிற்று. பழைய கருவியில் இருந்த குலுக்கல் இல்லை, நிறுத்தல் இல்லை. நான் முடிச்சுகளை எண்ணினேன். இந்தக் கரையில் ஒன்று. பரிசல் போகிறது. ஐந்து. பத்து. பதினான்கில் பாறை இருந்த இடம். பதினேழில் தொண்டையில் ஒரு மயிர் அசைந்தது. பதினெட்டில் அது எறும்பாயிற்று. இருபதில் கண்ணில் நீர். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கயிறு தளரக்கூடாது, கயிறு தளரக்கூடாது. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. அதற்கு மேல் நான் போனதில்லை.

"விடுங்க!"

விட்டேன். கூடவே நாற்பத்தாறு நாள் இருமலையும் மொத்தமாக இருமினேன். வளையத்துக்குள் அது எதிரொலித்தது. ஒலிபெருக்கியில் யாரோ கை தட்டுவது கேட்டது.

அரை மணி கழித்து என்னையும் செண்பகத்தையும் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு மருத்துவர்களும் தனித்தனியே பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார் டாக்டர் எஸ்தர். ஆனால் முதலில் சொல்லாமல், காட்டினார். திரையில் இருநூற்று நாற்பத்தெட்டுப் படங்கள். அவர் சக்கரத்தை உருட்ட, நான் என் நெஞ்சுக்குள் படிக்கட்டில் இறங்குவது மாதிரி இறங்கினேன். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்தது. கிளைகள் விரிந்தன. இதயம் வந்தது. பிறகு வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது; பெருத்தது; மூக்கு தெரிந்தது; சிறுத்தது; மறைந்தது.

"இது ஒண்ணு" என்றார். உருட்டிக்கொண்டே இருந்தார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செண்பகத்தின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. இரண்டு சென்டிமீட்டர். மூன்று. ஐந்து. ஈரல் வந்துவிட்டது.

"அவ்வளவுதான். வேற கிடையாது. ரெண்டு பேரும் ஒண்ணுன்னுதான் எழுதியிருக்காங்க."

அவர் அதோடு நிறுத்தவில்லை. "இன்னும் இருக்கு. பழசுல வில்லை ஒரு சென்டிமீட்டர் கனம். பொட்டையும் சுத்தி இருக்கிற காத்தையும் சேத்து சராசரி போட்டுரும். அதனால சதை மாதிரி காட்டிச்சு. இதுல வில்லை சன்னம். பொட்டு மட்டும் தனியா இருக்கு. இப்பம் பாருங்க." அம்புக்குறியைப் பொட்டின் நடுவில் வைத்தார். 412. அங்கும் இங்கும் நகர்த்தினார். 398. 420.

"எலும்பு கணக்கா இருக்கே" என்றேன்.

"ஆமா! சுண்ணாம்பு. கல்லு, அண்ணாச்சி, கல்லு!" அதுவரை என்னை சார் என்றே அழைத்தவர்.

"நெஞ்சுக்குள்ள கல்லு எப்படிம்மா வரும்?" என்றாள் செண்பகம்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். சின்ன வயதில் எப்போதோ காசநோய்க் கிருமி உள்ளே போயிருக்கும்; உடம்பு அதைச் சுற்றி வளைத்துச் சுண்ணாம்பு பூசி அடைத்துவிட்டது. பலருக்கும் இருக்கும், பார்த்தால்தான் தெரியும். உள்ளெல்லாம் இப்படிச் சுண்ணாம்பாகிப்போன பொட்டு புற்றுநோயாக இருப்பதில்லை. அறுவை வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்து, வளரவில்லை என்று உறுதி செய்தால் போதும். இருமல் வேறு விஷயம், மூச்சுக்குழல் அழற்சி. மாற்றிய மருந்தில் போய்விடும். அறுவை மருத்துவரும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

செண்பகம் எழுந்து டாக்டர் எஸ்தரின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். டாக்டருக்கு வெட்கம்.

மாடியில் விஷயத்தைச் சொன்னபோது தங்கப்பழம் அண்ணாச்சி, "கல்லக் கொண்டாந்து கருப்பட்டிய ஏமாத்தி வாங்கிட்டீரு வே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டது விலா வலியால் என்று சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம், புறப்படும் முன், டாக்டர் எஸ்தர் என் நோட்டின் 12-ஆம் தேதிப் பக்கத்தைப் படியெடுக்கக் கேட்டார். ஆராய்ச்சிக் கோப்பில் இருபத்துமூன்றாம் எண்ணோடு வைப்பதற்கு. "பழைய எண்ணிக்கை ரெண்டு, புது எண்ணிக்கை ஒண்ணு. ரெண்டையும் அப்படியே எழுதுவோம். தப்பு எங்கன நடந்ததுன்னு தெரிஞ்சாத்தான இது ஆராய்ச்சி. இனிமே படிவத்துல ஒரு கட்டம் சேக்கப் போறோம்: பழைய ஸ்கேன்ல நடுவுல நிறுத்தினாங்களா, மூச்சு மாறிச்சா? எல்லார்கிட்டயும் கேப்போம்." எனக்கு வந்த பெருமிதத்தை மறைக்க நோட்டைப் பையில் வைப்பதில் மும்முரமானேன்.

வாசல்வரை வந்தவர், "ஆமா சார், அந்தப் பாறை. ஒண்ணுன்னு தெரிஞ்சப்புறம் புத்தகத்துல திருத்தினீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார், யாரும் கேட்கவில்லை, என் கையெழுத்தில் ஓர் அடித்தல்கூட இல்லாத புத்தகம் அது. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் கையசைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த ஆள் காத்திருந்தார்.

பேருந்தில் வரும்போது சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் கார் நெல் பால் பிடித்து நின்றது. செண்பகம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஐந்து நாளில் அவள் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

21-ஆம் தேதி, சனிக்கிழமை. 5.10-க்கு எழுந்தேன். அணைக்கட்டில் எனக்கு முன்னால் சங்கரன் நின்றுகொண்டிருந்தான், தலையில் துண்டு கட்டி, கையில் டார்ச் லைட்டோடு. "நீங்க எதுக்கு வந்தீக அத்தான்? நான் பாக்கேன்லா" என்றான். அவனிடம் கேஜைப் பார்க்கச் சொல்லிவிட்டு அளவு அறையைத் திறந்தேன். இரும்புப் பெட்டியில் 1987-ஆம் வருடப் புத்தகம் அடியிலிருந்து மூன்றாவது. ஆறு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. சிவப்பு மையில் பதினாறாவது முடிச்சின் எதிரே கோடிட்டு, "பாறை ஒன்றே. கயிறு நகர்ந்ததால் இருமுறை எண்ணப்பட்டது" என்று எழுதி, கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன்.

வெளியிலிருந்து சங்கரன் கத்தினான். "அத்தான், ஒன்னு புள்ளி மூணு மூணு!"